மண்ணுக்குள் போன ஐந்து கோடுகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பது இப்போது குழம்பிப் போகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் தயார் பண்ணுகிறார். அணையில் தண்ணீர் அளவு பார்த்தவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்.

"எனக்கு எங்க டீச்சர் எழுத வரும்?" என்றேன்.

"பேசுததையே எழுதுங்க பெரியம்மா, நான் திருத்திக்கிடுதேன்" என்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டு ஒரு மாதம் அரிசி டின்னுக்கு மேலேயே கிடந்தது. போன வாரம்தான் எழுதியே ஆக வேண்டிய காரியம் ஒன்று வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயரை நான் எழுத மாட்டேன். அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். தாத்தாவின் பெயரையே இரண்டு பேருக்கும் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பெயரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் இறந்து இத்தனை வருடம் கழித்தும் சொல்ல வரவில்லை. அதனால் இவர் பெயரும் என் வாயில் வந்ததே கிடையாது. எனக்கு அவர் கொழுந்தனார், அவருக்கு நான் மதினி. பெயர் வேண்டுமானால் டீச்சர் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

அணையில் அவருக்கு நிரந்தர வேலை இல்லை. மடைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு கல் நிற்கும். அதில் அடிக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு எண். காலையில் சைக்கிளில் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. வேலையில் சேர்ந்த வருடம் அணை வற்றிக் கிடந்ததாம். கல்லின் அடியில் நின்று ஒன்றாம் எண்ணிலிருந்து மேலே வரை அவரேதான் பெயின்ட் அடித்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

திரும்பி வரும் வழியில் பால் சொசைட்டிச் சுவரில் அன்றைய அளவைச் சாக்பீஸால் எழுதுவார். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரியட்டும் என்று அவராக எழுதியது. நான் ஆண்களிடம் நின்று பேசுகிறவள் இல்லை. பால் தூக்கோடு வந்து, சேலையைச் சரிசெய்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்று, அந்தச் சுவரைப் படித்துவிட்டுப் போவேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தினமும் நான் படித்தது அந்தச் சுவர் ஒன்றைத்தான்.

எதையும் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ அவருக்கு வராது. அதுதான் அவர். மணி என்ன என்று கேட்டால், "நாலரை ஆகல, ரெண்டு நிமிசம் இருக்கு" என்பார். ராத்திரி நல்ல மழையோ என்று கேட்டால், "நல்ல மழைன்னு சொல்ல முடியாது. முத்தத்து வாளியில நாலு விரக்கடை நிக்கி" என்பார். விரக்கடை என்றால் ஒரு விரல் அகலம். எதற்கெடுத்தாலும், "நிக்கிறதச் சொல்லுதேன், அம்புட்டுத்தான்" என்று முடிப்பார். இளவட்டங்கள் அவர் போகும்போது அதையே சொல்லிக் காட்டிச் சிரிக்கும். அவரும் கூடச் சிரித்துக்கொண்டே போவார்.

அவர் மகளைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். நான் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா பேச்சுவாக்கில், "கிணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு?" என்று கேட்டார். எல்லா அப்பன்களும் கிணறு நிறையக் கிடக்கிறது என்று சொல்லும் நேரம் அது.

இவர் யோசித்துவிட்டு, "மூணு பாகம். அதுல ஒரு பாகம் சகதி" என்றார். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம்.

அவர் சம்சாரம் உள்ளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெடுத்தாரு பாருங்கக்கா, சகதிய யாரு கேட்டா இவர்கிட்ட" என்று பல்லைக் கடித்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா விடவில்லை. "சகதியச் சொல்லிட்டீக. பொண்ணுக்கு என்ன கொறை, அதயும் சொல்லிருங்க" என்றார்.

"கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டா. மூணாம் நாளு பேசிருவா."

சபை முழுக்கச் சிரித்தது. இந்த வீட்டில் நம்பிப் பெண் எடுக்கலாம் என்று அன்றைக்கே வெற்றிலை மாற்றினார்கள். சகதியைச் சொன்னதால் முடிந்த கல்யாணம் என்று ஊரில் வெகுநாள் பேச்சு இருந்தது.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். அணைக்குக் கீழே எங்களுக்கு இரண்டு குறுக்கம் நிலம், அணைத் தண்ணீர் பாய்கிற நிலம். இப்பக்கத்துப் பாசனக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகையில் ஒருநாள் எல்லோரும் மடைக்கு வந்து நிற்பார்கள். கல்லில் பதினாலு அடி நின்றால் நெல். பத்து நின்றால் பருத்தியோ மக்காச்சோளமோ. அதற்கும் கீழே போனால் தரிசு. அப்பன் காலத்திலிருந்து வந்த கணக்கு இது. பதினாலு நின்றால் மாசிக் கடைசி வரை தண்ணீர் வரும், கதிர் முற்றிவிடும். யாரும் இதை மாற்றி யோசித்ததில்லை.

ஆனால் பதினாலு என்பதைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. சுவரில் எட்டு வரும், ஆறு வரும், பிறகு 'தண்ணீர் இல்லை' என்று எழுதியிருக்கும். அந்த வருடங்களில்தான் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனது. எங்கள் நிலத்தையும் ஒரு கம்பெனிக்காரர் கேட்டார். என் மகன் கொடுத்துவிடலாம் என்றான். அவன் வண்டியில் பட்டாசு லோடு ஏற்றுகிறவன். மருமகள் வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டி முற்றத்தில் காயப் போடுவாள். மழை வந்தால் அவளுக்கு வேலை போச்சு. மழை வராவிட்டால் எனக்கு நிலம் போச்சு. ஒரே வீட்டில் ஒருத்தி வெயிலைக் கும்பிட்டாள், ஒருத்தி மழையைக் கும்பிட்டாள்.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. குழாயெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. மருமகள் தட்டுத் தட்டாக அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"அத்தை மொகத்துல சிரிப்பப் பாரு. எனக்கு ஒரு வாரத்து வேலை ஓடைக்குப் போகுது, உங்களுக்குச் சிரிப்பு வருதோ?"

"நெல்லு வச்சுட்டா நீ குழாயே சுருட்ட வேண்டாம்டி."

"அணை பெருகட்டும் மொதல்ல. அப்பறம் பாப்போம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று சாயங்காலமே மகனிடம் ஒரு பேச்சு முடித்தேன். இந்த ஒரு போகம் நெல் வைப்போம். விளைந்தால் நிலம் நம்மோடு இருக்கட்டும். விளையாவிட்டால் கம்பெனிக்குக் கொடுத்துவிடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவன் சரி என்றான்.

மறுவாரம் சுவரில் பதினாலே கால் என்று எழுதியிருந்தது. நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தேன். மடையில் கூடியபோது பொம்பளை என்று நான் ஒருத்திதான், ஒரு ஓரமாக நின்றேன். எல்லோரும் கலைந்த பிறகு அவரிடம் போனேன். அத்தனை வருடத்தில் அளவைப் பற்றி நான் அவரிடம் வாய்திறந்து கேட்டது அன்றைக்குத்தான்.

"பதினாலு சரிதானா கொழுந்தனாரே?"

"பதினாலத் தாண்டிக் கால் நிக்கி மதினி. ஒரு விரக்கடை கூட நான் கூட்டிச் சொல்லல."

"நீங்க பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து நாற்றுப் பாவினேன்.

பயிர் அந்த மாதிரி வந்து நான் பார்த்ததில்லை. தை பிறந்தபோது வயல் ஒரே பச்சையாகக் கிடந்தது. அமாவாசை நெருங்கையில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கும் பருவம். இருபது நாள் தண்ணீர் கிடைத்தால் போதும். தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலையில் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. கொழகொழவென்று சேறு வந்தது. சேற்றில் குரவை மீன் துள்ளியது. முந்தின நாள்கூடச் சுவரில் ஆறடி என்று இருந்ததால், மடை அடைத்துக்கொண்டதோ என்று நினைத்து அணைக்கு நடந்தேன். எனக்கு முன்னாலேயே பத்துப் பதினைந்து பேர் அங்கே நின்றார்கள், கொழுந்தனாரும் நின்றார்.

அணைக்குள் தண்ணீர் இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் கலங்கிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வண்டல், பாளம் பாளமாக. கொக்குகள் அதன் மேல் நடந்துகொண்டிருந்தன.

"ஓய் மாமா, பதினாலே கால் அடி தண்ணி எங்கய்யா போச்சு?" என்று ஒருத்தர் சத்தம் போட்டார். "கல்லப் பாத்து எழுதுனீரா, கண்ண மூடிக்கிட்டு எழுதுனீரா?"

"நிக்கிறதத்தானப்பா எழுதுனேன்."

"நின்னுச்சு, நின்னுச்சு. போயி என் வயலப் பாரும், எது நிக்கின்னு தெரியும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யார் கையிலோ இருந்த மண்வெட்டியை வாங்கினார். சேற்றில் முழங்கால் புதையப் புதையக் கல்லுக்குப் போனார். கல்லில் வெளியே தெரிந்த கடைசி எண் ஆறு. அதற்குக் கீழே மண். அவர் கல்லை ஒட்டித் தோண்ட ஆரம்பித்தார். ஐந்து வந்தது. நாலு வந்தது. சத்தம் போட்டவர்கள் கரையோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். இடுப்பளவு குழிக்குள் இறங்கித் தோண்டினார். மூன்று வந்தது. இரண்டுக்குக் கீழே குழி சரிந்தது. மறுபடி அள்ளிப் போட்டார். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒன்று வந்தது. அவர் முதல் வருடம் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. வெயிலே படாததால் மங்கவில்லை.

குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தனை ஆண்களை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"அஞ்சு அடி மண்ணு மதினி. பதினாலுன்னு நான் எழுதுனது ஒம்பது."

அதற்குப் பிறகு சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "என் கெணத்துச் சகதியச் சபையில சொன்ன வாயி. அணைச் சகதியச் சொல்லலையே."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனது வரவில்லை. தண்ணீர் இருக்கும் வருடம் மண் தெரியாது. தண்ணீர் இல்லாத வருடம் கல்லைப் பார்க்க யாரும் போவதில்லை, அவரும் தூரத்திலிருந்தே 'தண்ணீர் இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு சாண், அரைச் சாண் என்று அந்த மண் ஏறியிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் மண் மேல் நின்ற தண்ணீரை நம்பி நெல் வைத்திருக்கிறோம்.

பால் பிடித்த கதிர் ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டது. ஆடு மேய்க்கிற கீதாரி ஒருத்தர் கேட்டு வந்தார், ஆட்டை விடச் சொல்லிவிட்டேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். முந்நூறு ஆடு ஒன்றாகக் கதிரைக் கடிக்கிற சத்தம் மெதுவாகப் பெய்கிற மழை மாதிரியே இருந்தது. அன்றோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். சொன்ன சொல்படி நிலம் கம்பெனிக்குப் போனது. இப்போது அங்கே தள்ளித் தள்ளிச் சிறு சிறு அறைகள் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நெல்லுக்கு வாங்கிய கடனை அடைக்க மருமகள் குழாய் சுருட்டுவதை விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறித் தாயில்பட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறாள். அவள் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. நான் வைத்த ஒரு பேச்சில் போனது அவள் குழாய் வேலையும்தான்.

அதற்குப் பிறகு கொழுந்தனார் சுவரில் மூன்று வரி எழுத ஆரம்பித்தார். 'கல் 11. மண் 5. தண்ணீர் 6.' ஊருக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, கல்லு கணக்க மட்டும் எழுதுங்க. வெதைக்கப் போறவன் வயித்துல ஏன் புளியக் கரைக்கீக?"

"நிக்கிறதச் சொல்லுதேன்."

"இம்புட்டு வருசம் சொன்னீகளே, அதுவும் நிக்கிறதுதான?"

யாராவது இரண்டாவது வரியை அழித்துவிடுவார்கள். அவர் மறுநாள் மறுபடி எழுதுவார். அணையைத் தூர் வாரச் சொல்லி ஊர் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு கருவியை வைத்து, இனி அளவு போனிலேயே வந்துவிடும் என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள்.

வேலை போன பிறகும் அவர் அணைக்குப் போவதை விடவில்லை. கோடையில் அணை காய்ந்ததும் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு போவார். கல்லைச் சுற்றி மட்டும் மண்ணை வெட்டிக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவார். ஒன்றாம் எண் தெரியும் வரை வெட்டுவார். அடுத்த மழைக்கு வெள்ளம் வந்து குழியை மூடிவிடும். மறு கோடையில் மறுபடி வெட்டுவார். ஒருநாள் என் வீட்டு வழியாகச் சேறும் சகதியுமாகப் போனார்.

"ஒத்த ஆளு அணையத் தூர் வார முடியுமா கொழுந்தனாரே? எதுக்கு இந்தப் பாடு?"

"அணைய யாரு வாருதா? அந்த அஞ்சு எண்ணு வெளிய தெரிஞ்சாப் போதும். தெரியாததுனாலதான மதினி உங்க நெல்லு போச்சு."

நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கோடையில் வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. சம்சாரம் முன்னமே இறந்துபோனதால் சாத்தூரிலிருந்து மகள் வந்து பார்த்துக்கொண்டாள். ஆடி மாதம் நான் பார்க்கப் போனேன். கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தார்.

"வாங்க மதினி. அணைப் பக்கம் போனீகளா?"

ஆட்டை விட்ட நாளிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. "போனேன்" என்றேன்.

"கல்லப் பாத்தீகளா? நான் பாதி வெட்டையிலதான் காலு போச்சு. காத்துல மண்ணு மூடிருக்கும். எத்தன கோடு தெரியுது?"

அவர் கண்ணைப் பார்த்தேன். "அஞ்சும் தெரியுது" என்று சொல்லிவிட்டேன்.

"ஒண்ணாம் நம்பரும் தெரியுதா?"

"தெரியுது. மீதிய யாரோ வெட்டிருக்காக. மண்ணே இல்ல."

"நீங்க பாத்துச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். மகளைக் கூப்பிட்டு, "சொவத்துல எழுதிட்டு வா தாயி. தண்ணி இல்ல, மண்ணு இல்ல, அஞ்சு கோடும் தெரியுதுன்னு எழுது" என்றார். நான் தடுக்கவில்லை. நாலாம் நாள் அவர் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து, அவர் மகள் சுவரில் எழுதியதை அழிப்பதற்காக ஈரத் துணியோடு சொசைட்டிக்குப் போனேன். பால் ஊற்றுகிற பெண், "இதப் போயி யாரு படிக்கா பெரியம்மா? விடுங்க, அவரு ஞாபகமாக் கெடக்கட்டும்" என்றாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் டீச்சர் நோட்டைக் கேட்டு வந்தார். புத்தகத்தில் கொழுந்தனார் படத்துக்குக் கீழே போடுவதற்கு எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். 'அவர் கடைசியாகக் குறித்த அளவு: தண்ணீர் இல்லை. மண் இல்லை. ஐந்து கோடும் தெரிகிறது.' அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டீச்சர், அது அவர் குறித்த அளவு இல்லை. நான் பார்க்காமல் சொன்னது. அந்தச் சுவரில் பொய்யாக ஏறிய அளவு அது ஒன்றுதான், அதை அவர் பெயரில் போட்டுவிடாதீர்கள். மகனைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வற்றிக் கிடக்கிற அணையில் என்னம்மா இருக்கிறது பார்க்க என்று லோடு ஏற்றப் போய்விட்டான். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. நடந்தாலும் அந்த நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது ஒருத்தர், அடுத்த மழைக்கு முன்னால், கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று எத்தனை கோடு தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்க வேண்டாம். ஆறாம் எண்ணுக்குக் கீழே ஒன்றுமே தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள்.